சுப்ரஜாவின் எறும்பு மாதம்

மனிதர்களில் திட்டக்காரர் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். வேலை செய்கிறவர் காலையில் எழுந்து காரியத்தைப் பார்ப்பார்; சோம்பேறி எழவே மாட்டார்; இரண்டு பேராலும் உலகத்துக்குப் பெரிய குழப்பமில்லை. திட்டக்காரரோ எல்லோருக்கும் முன்னால் எழுந்து, பல் விளக்கி, காபி குடித்து, நாலு நிறப் பேனாக்களை எதிரே அடுக்கி வைத்துக்கொண்டு, அந்தக் காரியத்தை எப்படி, எப்போது, யார் யாரோடு சேர்ந்து, எதற்கு அப்புறம் எதைச் செய்வது என்று எழுதி, கோடு போட்டு, கட்டம் கட்டி, கட்டத்துக்கு வண்ணம் தீட்டி, தீட்டிய வண்ணம் மனசுக்கு ஒட்டவில்லை என்று வேறு தாளில் மறுபடியும் கட்டம் கட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். காரியம் அப்படியே கிடக்கும். ஆனால் களைப்பு இருக்கிறதே, அது நிஜமான களைப்பு. யார் இல்லை என்றது?

இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. வீடு கட்டும் திட்டக்காரர் உண்டு. அவர் இன்னும் வாடகை வீட்டில் இருப்பார். உடம்பை இளைக்க வைக்கும் திட்டக்காரர் உண்டு. ஓடுவதற்கு வாங்கிய ஷூ அட்டைப் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும். அண்மைக் காலத்தில் திருச்சிப் பக்கம் நன்றாகப் பெருகி வருகிற உட்பிரிவு ஒன்று இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், ஒத்த கருத்துள்ள நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்துக் கற்பிக்கிற அம்மாக்கள். இவர்களைப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். ‘பாடம்’ என்று மறந்தும் சொல்லமாட்டார்கள், ‘அனுபவம்’ என்பார்கள். குழந்தை சுவரில் கிறுக்கினால் ‘வெளிப்பாடு’. அடுத்த குழந்தையைக் கடித்து வைத்தால் ‘எல்லைகளைப் புரிந்துகொள்ளும் முயற்சி’. நீங்கள் எந்த ஆட்சேபணை சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டார்கள். “நல்ல பாயிண்ட், எழுதி வெச்சுக்கறேன்” என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். எழுதியது எழுதியபடி இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் தெற்கு உத்தர வீதிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் சுப்ரஜா இந்த உட்பிரிவின் அப்பழுக்கற்ற மாதிரி. வங்கி வேலையை விட்டுவிட்டு மகள் மேகனாவுக்காக வீட்டில் உட்கார்ந்தவள். அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. வேலையை விடுவது லேசுப்பட்ட காரியமில்லை, அந்தக் குழந்தை மேல் அவளுக்கு உயிர். கணவன் ஸ்ரீவத்ஸ் ஒரு பெங்களூர்க் கம்பெனிக்கு உள்ளறையிலிருந்தே உழைக்கிறான். காதில் மாட்டிய கருவியோடு காலையிலிருந்து ராத்திரி வரை “நான் பேசறது கேக்கறதா?” என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவன் வேலை என்று மேகனா நினைத்துக்கொண்டிருந்தாள். ரொம்பத் தப்பும் இல்லை.

சுப்ரஜா தொடங்கிய குழுவுக்குப் பெயர் ‘கூடு’. தொடங்கியபோது கூட்டில் நிறையக் குஞ்சுகள் இருந்தன. ‘விதை மாதம்’ வந்தது. எந்த விதையை ஊன்றுவது, எந்தத் தொட்டியில் ஊன்றுவது, வெறும் கையால் மண்ணைத் தொடலாமா கூடாதா என்று பேசி முடிப்பதற்குள் மாதம் முடிந்து, விதைகளைக் குழம்பில் போட்டாயிற்று. சில பெற்றோர் கழன்றுகொண்டார்கள். ‘நிழல் மாதம்’ முழுக்க மேகமூட்டம். இன்னும் சிலர் கழன்றுகொண்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது மூன்றே குழந்தைகள். மேகனா ஒன்று. துவாக்குடியிலிருந்து வரும் ஜெஸிமாவின் மகள் ரஷீதா ஒன்று. ஜெஸிமாவின் கணவர் அங்கே கல்லூரி ஆசிரியர். ஜெஸிமா நன்றாகப் படம் வரைவாள், குழுவின் சுவரொட்டிகள் எல்லாம் அவள் கைவண்ணம். மூன்றாவது, கே.கே. நகர் ரஞ்சனியின் மகன். மூவரிலும் அவன்தான் குட்டி, பெயர் பெரியண்ணன். மருங்காபுரியில் இருக்கும் தாத்தாவின் பெயர். குழுவில் ‘பெரி’.

அந்தப் பெரியின் அப்பா சரவணன்தான் இப்போது ஒரு கெடு வைத்துவிட்டுப் போயிருந்தார். கே.கே. நகரில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர், வட்டார வியாபாரிகள் சங்கத்தில் துணைச் செயலாளர், வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாதவர். மாதப் பிறப்பன்று பையனைக் கொண்டுவந்து விடும்போது வாசலிலேயே நின்று சொன்னார்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. வீட்டுப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல சீட்டு சொல்லி வெச்சிருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் டயம் குடுத்திருக்காங்க. இந்த மாசம் நீங்க என்ன தலைப்பு வெச்சாலும் சரிங்க, கடைசி நாளு வந்து பையன்கிட்ட கேப்பேன். நாலு வார்த்தை சொன்னான்னா இங்கயே இருக்கட்டும். முழிச்சான்னா கூட்டிட்டுப் போயிடுவேன்.”

“கண்டிப்பா சொல்லுவான் சார்” என்றாள் சுப்ரஜா. அவர் படியிறங்கும்வரை வாசலிலேயே நின்றாள்.

ஏனென்றால் ஜெஸிமா ஏற்கெனவே பட்டும் படாமல் ஒன்றைச் சொல்லியிருந்தாள். “மூணு புள்ளைங்கன்னா ஒரு குரூப்புங்கலாம். ரெண்டு பேருக்காக நான் துவாக்குடியிலேருந்து தினம் வண்டி ஓட்டிட்டு வர முடியாதுல்ல சுப்ரஜா.” ஆகவே கணக்கு எளிது. பெரி போனால் ரஷீதா போவாள். ரஷீதாவும் போனால் மேகனா தனி. குடியிருப்பில் வேறு குழந்தைகள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். காலையில் வேனில் போய், சாயங்காலம் வேனில் வந்து, உடனே டியூஷன், பாட்டு வகுப்பு என்று போய்விடுகிறார்கள். மேகனா காலை எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வியே “இன்னிக்கு பெரி வருவானாம்மா?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு ‘இனிமே வரமாட்டான்’ என்று பதில் சொல்ல வேண்டிய ஒரு காலையை நினைத்தாலே சுப்ரஜாவுக்கு அழுகை வந்தது. எனவே இந்த மாதம் பிசகக் கூடாது. பிசகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? ஒரு திட்டக்காரரைக் கேட்டால் என்ன சொல்வார்? போன தடவையைவிட நன்றாகத் திட்டம் போட வேண்டும்.

முதல் கூட்டம் அன்றே கூடியது. குழந்தைகளை உள்ளே விளையாட விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மூன்று அம்மாக்களும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தலைப்பைக் குழந்தைகளிடமே கேட்டால் என்ன என்று ரஞ்சனி சொன்னாள். கேட்டால் அவர்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துவிடும், அப்புறம் திட்டம் போடுவது கஷ்டம் என்று அதை அடுத்த மாதத்துக்கு ஒத்தி வைத்தார்கள். யானை பேசப்பட்டது; பெரிய தலைப்பு. நட்சத்திரம் பேசப்பட்டது, குழந்தைகள் ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கிவிடுவார்கள். கடைசியில் எறும்பு என்று முடிவாயிற்று. சின்ன ஜீவன், செலவில்லை, எங்கும் இருக்கும், யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.

ஆட்சேபணை அடுத்த நிமிஷமே வந்தது.

“ஒரு டவுட்டுக்கா” என்றாள் ரஞ்சனி, தலையைச் சாய்த்துக்கொண்டு. “எறும்புன்னா லைன்ல போகும்ல? நம்ம பசங்கள லைன்ல நிக்க வெக்கிறாங்கன்னுதான நாம ஸ்கூலுக்கே அனுப்பல?”

ஜெஸிமா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நல்ல பாயிண்ட்” என்றாள் சுப்ரஜா. சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

“அதுங்க இஷ்டப்பட்டுத்தானப்பா போகுதுங்க? யாரும் பிரம்பு வெச்சுக்கிட்டு மிரட்டலையே” என்றாள் ஜெஸிமா.

“இஷ்டப்பட்டுத்தான் போகுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? உள்ள ராணின்னு ஒண்ணு இருக்காமே?”

ராணி! ஒரு ராணி கட்டளையிட, ஆயிரமாயிரம் பேர் கேள்வி கேட்காமல் வரிசையில் நடந்து, தன் எடையைவிட அதிகமான சுமையைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு சமூகத்தைச் சுதந்திரமாக வளர வேண்டிய குழந்தைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா? இரண்டு ரவுண்டு காபி ஆயிற்று. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்ற பழமொழி குழந்தைகள் மேல் உழைப்பைத் திணிப்பதால் அதைச் சொல்லித் தர வேண்டாம் என்று ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள். ‘வரிசை’ என்ற சொல்லுக்குப் பதில் ‘சேர்ந்து நடத்தல்’ என்று வைத்துக்கொள்வதாக உடன்பாடு ஏற்பட்டது. அன்றைய பொழுது நிறைவாகப் போயிற்று.

அடுத்த கூட்டத்தில் எறும்பை வரவழைக்கும் வழி எடுத்துக்கொள்ளப்பட்டது. கொஞ்சம் சீனியைத் தூவினால் வரும் என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் மேகனா பிறந்ததிலிருந்து சுப்ரஜா வீட்டில் வெள்ளைச் சீனி நுழைந்தது கிடையாது. பெருமாளுக்குச் செய்யும் பால் பாயசமே நாட்டு வெல்லத்தில்தான்.

“நம்ம குழந்தைக்குக் குடுக்காத விஷத்த ஒரு வாயில்லா ஜீவனுக்கு எப்படிக் குடுக்கறது?” என்றாள் சுப்ரஜா. குரல் தழுதழுத்தது. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

எனவே இயற்கை அங்காடியிலிருந்து சுக்குக் கருப்பட்டி வாங்கி, பொடித்து, அகல் விளக்கில் போட்டுக் கூடத்தின் மூலையில் வைத்தார்கள். ஒரு எறும்புகூட வரவில்லை. சுக்கின் காரமோ, மிளகு வேறு கலந்திருந்ததோ. மற்ற நாளில் ஒரு பருக்கை சிந்தினால் சொந்த பந்தத்தோடு வந்து இறங்குகிற எறும்புகள், அழைப்பு வைத்ததும் கௌரவம் பார்த்தன. எறும்பு வரும்வரை நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று ஜெஸிமாவின் சுவரொட்டியை ஆராய்ந்தார்கள். அழகான எறும்பு. ஆனால் கண்ணாடி போட்டிருந்தது. எறும்பு கண்ணாடி போடாது என்பதால் இது அறிவியலுக்கு விரோதம் என்றாள் ரஞ்சனி. கண்ணாடியை எடுத்துவிட்டால் கண்ணாடி போடுகிற குழந்தைகள் ஒதுக்கப்பட்டதாக நினைப்பார்கள் என்றாள் ஜெஸிமா. குழுவில் கண்ணாடி போடுகிற குழந்தை இல்லை. பின்னால் சேரலாம் அல்லவா?

இத்தனைக்கும் குழந்தைகள் எங்கே என்று கேட்பீர்கள். உள்ளேதான். கதவு சாத்தியிருந்தது. எப்போதாவது தட்டுவார்கள், மற்றபடி சத்தமே இல்லை. குழந்தைகள் சத்தமில்லாமல் இருந்தால் மற்ற அம்மாக்கள் பதறிப் போய்க் கதவைத் திறப்பார்கள். இவர்கள் பூரித்துப் போனார்கள். ஒரு நாள் சுப்ரஜா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். மூன்றும் வட்டமாக உட்கார்ந்து, முகத்தில் சிரிப்பில்லாமல், ஏதோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்து, ‘தானாகவே கற்கிறார்கள்’ என்று வாட்ஸப் நிலைத்தகவலில் போட்டுவிட்டு மறுபடி கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

மாதம் பாதியைத் தாண்டியதும் ஒரு துணிச்சலான முடிவு எடுக்கப்பட்டது. குழந்தைகளை முக்கொம்புக்கு அழைத்துப் போய், பூங்காவில் எறும்புகளை நேரடியாகப் பார்க்க வைப்பது. ஆனால் முன்பின் பார்க்காத இடத்துக்குக் குழந்தைகளை எப்படிக் கூட்டிப் போவது? அங்கே எறும்பு இருக்கிறதா, இருந்தால் எப்படிப்பட்ட எறும்பு, நிழல் உண்டா, கழிப்பறை எப்படி? எனவே முதலில் பெரியவர்கள் மட்டும் ஒரு முன்னோட்டப் பயணம் போய்வருவது என்று திட்டமிட்டார்கள். குழந்தைகளை ஸ்ரீவத்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, மூன்று அம்மாக்களும் ஜெஸிமாவின் காரில் முக்கொம்பு போனார்கள். நல்ல காற்று. எறும்பும் இருந்தது. மர நிழலில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒரு கட்டெறும்பு சுப்ரஜாவின் கணுக்காலைப் பதம் பார்த்துவிட்டது. “ஐயோ பெருமாளே!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போயிற்று. இந்த இடம் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அங்கேயே முடிவு செய்தார்கள். எறும்பு மாதத்தில் ஓர் எறும்போடு நேரடித் தொடர்பு ஏற்பட்டது சுப்ரஜாவுக்கு மட்டும்தான். அதற்கும் மஞ்சள் குழைத்துப் போட வேண்டியிருந்தது.

கடைசி வாரம் வந்தது. சுப்ரஜாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பையன் முழிக்கப் போகிறான், சரவணன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று படுத்தால் அதுதான் கண்ணுக்குள் ஓடியது. அவசரக் கூட்டம் ஒன்றைக் கூட்டினாள். அன்று காலை மற்ற இரண்டு அம்மாக்களும் வருவதற்குச் சற்று முன், வீடு ஒழுங்காக இருக்கிறதா என்று உள்ளறையில் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

ஜன்னலிலிருந்து எறும்பு. ஒன்றிரண்டு அல்ல. ஜன்னல் கட்டையில் இறங்கி, சுவரோரமாக வந்து, நாள்காட்டிக்குக் கீழே புகுந்து, மேஜைக் கால் வழியாக ஏறி, ஸ்ரீவத்ஸின் கணினிக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்தன. போகிறவை வருகிறவையோடு முகத்தோடு முகம் வைத்து ஏதோ விசாரித்துவிட்டுப் போயின. சில, வெள்ளைத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பின. சுப்ரஜா டப்பாவைத் திறந்தாள். வெள்ளைச் சீனி.

“ஏன்னா, இது என்ன?” என்றாள்.

ஸ்ரீவத்ஸ் காதுக் கருவியைக் கழற்றினான். “அது... எறும்பு மாசம்னு சொன்னியோல்லியோ, அதுக்காகத்தான் வாங்கி வெச்சேன்” என்றான். டப்பா பாதி காலியாக இருந்தது.

அதை விசாரிக்க அப்போது நேரமில்லை. வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு நாலு பேர் வருகிற நேரத்தில் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சுப்ரஜா ஓடிப் போய் ஈரத் துணியைக் கொண்டுவந்தாள். ஜன்னலிலிருந்து டப்பா வரை ஒரே இழுப்பு. மேஜைக் காலுக்கு ஒரு துடைப்பு. ஜன்னல் இடுக்கில் ஒரு கை மஞ்சள் பொடி. ஆயிற்று. கையை அலம்பிக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, நாலு பேனாக்களையும் அடுக்கி, கூட்டத்தின் முதல் பொருளைப் படித்தாள்: “இவ்வளவு பிரயத்தனம் பண்ணியும் நமக்கு எறும்பு கிடைக்கல. இதுக்கு என்ன வழின்னு...”

பாதியில் நின்றுவிட்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் கதையைக் கேட்டிருக்கிறோம். உடைத்துவிட்டு, வெண்ணெய் ஏன் வரவில்லை என்று கூட்டம் போட்டவள் இவள்தான்.

“என்னக்கா ஆச்சு?” என்றாள் ரஞ்சனி.

“ஒண்ணுமில்ல” என்றாள் சுப்ரஜா. யாரிடம் எப்படிச் சொல்வது?

கடைசி நாள் சாயங்காலம் சரவணன் வந்தார். அதே மடிப்புக் கலையாத சட்டை. கூடத்தில் கண்ணாடி போடாத எறும்பு சுவரொட்டியாகத் தொங்கியது. ஸ்ரீவத்ஸ் நல்ல பிள்ளையாகக் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். சுப்ரஜா எழுந்து நின்று, இந்த மாதம் ஒரு பயணம் என்றும், எவ்வளவு தெரிந்துகொண்டோம் என்பதைவிட எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதே முக்கியம் என்றும் பேசினாள். பேசும்போது புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“சரிங்க மேடம்” என்றார் சரவணன். “டேய் பெரி, இங்க வா. எறும்பப் பத்தி ஒரு நாலு வார்த்தை சொல்லு பாப்போம்.”

பெரி முழித்தான். நன்றாகவே முழித்தான். ரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள். பையன் மெதுவாகத் திரும்பி மேகனாவைப் பார்த்தான்.

“தனியா எல்லாம் சொல்ல மாட்டோம் மாமா” என்றாள் மேகனா. “சேர்ந்துதான் பண்ணுவோம்.”

சொல்லிவிட்டு உள்ளே ஓடிப் போய் மூன்று காலி டம்ளர்களையும் நாலு கிரேயான்களையும் கொண்டுவந்தாள். மூன்றும் வட்டமாக உட்கார்ந்தன. மேகனா கிரேயான்களை எதிரே அடுக்கினாள். ரஷீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “துவாக்குடி ரோட்ல என்னா டிராபிக்குப்பா, சுபஹானல்லா” என்று டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பெரி தலையைச் சாய்த்துக்கொண்டான்.

“ஒரு டவுட்டுக்கா. எறும்பு லைன்ல போகும்ல?”

“நல்ல பாயிண்ட். எழுதி வெச்சுக்கறேன்” என்று மேகனா சிவப்பு கிரேயானை எடுத்துத் தாளில் ஒரு கோடு இழுத்தாள். “இத இப்ப எடுத்துக்கலாமா, அடுத்த மீட்டிங்ல எடுத்துக்கலாமா?”

“அடுத்த மீட்டிங்லயே வெச்சுக்கலாம், இன்ஷா அல்லா” என்றாள் ரஷீதா.

“இது யாரு மனசையும் புண்படுத்தாதுல்லக்கா?” என்றான் பெரி.

“அதுக்குத்தான் பேசறோம். இன்னொரு காபி?”

ஜெஸிமா விழுந்து விழுந்து சிரித்தாள். ரஞ்சனி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தைகள் சிரிக்கவில்லை, அவர்களுக்கு வேலை இருந்தது. பெரி எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

“இப்ப அவன் குழந்தை” என்று ரஷீதா சரவணனுக்கு விளக்கினாள். “ஒரு தடவை அவன், ஒரு தடவை நானு, ஒரு தடவை மேகனா.”

உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது. “அம்மா, எறும்பு வந்திருக்கு. வந்து பாரேன்.”

“இரு கண்ணா, மீட்டிங் நடக்கறது” என்றாள் மேகனா, தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

“தூக்கிட்டுப் போகுதும்மா. சீக்கிரம் வா.”

“இதோ வந்துட்டேன்.”

மேகனா எழுந்திருக்கவில்லை. பச்சை கிரேயானை எடுத்து ஒரு கட்டம் போட்டு, அதற்கு நிதானமாக வண்ணம் தீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு பெரி வந்து பழையபடி உட்கார்ந்தான். “போயிடுச்சு” என்றான். “சரி, அடுத்த பாயிண்ட் என்ன?” என்றாள் ரஷீதா.

ஜெஸிமாவின் சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை. ரஞ்சனி சுவரொட்டியைப் பார்த்தாள். சுப்ரஜா எங்கேயும் பார்க்கவில்லை. முகமெல்லாம் எரிந்தது. குழந்தை அவளைக் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மேகனா கேலி செய்யவில்லை. அம்மா மாதிரி விளையாடினாள், அவ்வளவுதான்.

முதலில் வாயைத் திறந்தவர் சரவணன். வெகு நேரமாக அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“மேடம்” என்றார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. “நானும் சங்கத்துல வருஷக்கணக்கா மீட்டிங் போடறேன். ஒருத்தன் பேசினா ஒருத்தன் நாற்காலியத் தூக்குறான். ‘நல்ல பாயிண்ட், எழுதி வெச்சுக்கறேன்’னு சொல்லுது பாருங்க பாப்பா, அந்த ஒரு வார்த்தை எங்க தலைவருக்கு வரமாட்டேங்குதுங்க. யாரு மனசையும் புண்படுத்தாதுல்லன்னு எம்புள்ள எவ்ளோ பதவிசாக் கேக்குறான்! இதையெல்லாம் எந்த ஸ்கூல்ல சொல்லித் தராங்க? சீட்டு வேணாம்னு நாளைக்கே சொல்லிடறேன். பையன் இங்கயே இருக்கட்டும்.”

“எறும்பு...” என்று ஈனஸ்வரத்தில் இழுத்தாள் ரஞ்சனி.

“எறும்பு கெடக்குது விடு. எறும்பத் தெரிஞ்சவன் எவன் செயலாளர் ஆயிருக்கான்?”

ஆக, சுப்ரஜா ஜெயித்துவிட்டாள். பெரி போகவில்லை, ரஷீதா போகவில்லை, மேகனா தனியாக இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போலத்தான் இருந்தது. அதே நேரத்தில் எங்காவது போய் முகத்தை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் போலவும் இருந்தது. எல்லோரும் போன பிறகு மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“எறும்பு வந்திருக்குன்னு நிஜமாவே கூப்பிட்டியாடா?”

“உம்.”

“எப்ப?”

“தெரியலம்மா. நிறையத் தடவை. நீ மீட்டிங்ல இருந்தே” என்றாள் மேகனா, புகாராக இல்லாமல். பிறகு அவள் முகம் மலர்ந்தது. “பால்கனில துளசித் தொட்டிக்கு அடியிலதான் அதோட ஆத்து வாசல். இப்பக்கூட இருக்கும். வரியா, காட்டறேன்?”

சுப்ரஜா எழுந்தாள். சத்தியமாக எழுந்தாள். இரண்டு அடியும் வைத்தாள். அப்போது போன் சிணுங்கியது. ஜெஸிமா குழுவில் எழுதியிருந்தாள்: ‘மனசே சரியில்லப்பா. அடுத்த மாசம் தலைப்பும் வேணாம், திட்டமும் வேணாம். சும்மா புள்ளைங்களோட இருப்போமா?’ ரஞ்சனி அதற்குள் கை கூப்பிய படம் போட்டிருந்தாள். சுப்ரஜா அதை இரண்டு தடவை படித்தாள். எவ்வளவு உண்மை! எவ்வளவு எளிமை! திட்டமே இல்லாத ஒரு மாதம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே பதில் எழுதினாள்: ‘அற்புதம். திட்டமில்லா மாதம்னே பேர் வெச்சுடலாம். அத எப்படிப் பண்றதுன்னு பேச நாளைக்குக் காலம்பற உக்காரலாமா?’

“அம்மா, வரியா?” என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“இதோ வந்துட்டேன்” என்றாள் சுப்ரஜா, பச்சைப் பேனாவைத் தேடிக்கொண்டே.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு சுப்ரஜாவின் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். இதை அவளுக்கு எப்படி, எந்தக் குறிப்போடு அனுப்பினால் கோபித்துக்கொள்ளாமல் படிப்பாள் என்றுகூட ஒரு யோசனை ஓடியிருக்கும். ஓடட்டும். ஒன்றே ஒன்றைக் கேட்டுவிட்டு விட்டுவிடலாம். நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து, பக்கத்து அறையிலிருந்து யாரோ ஒரு தடவை, ஒருவேளை இரண்டு தடவை, எதையோ பார்க்க வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள் அல்லவா? இதிலிருந்து தலையை எடுக்காமல் நீங்கள் ஏதோ பதில்கூடச் சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள்?